சிலம்பு, கைக்குட்டை, வாழைப்பழம்: மேட்ரிக் பிள்ளைகளுக்கு வாதக் கட்டுரை சொல்லிக்கொடுப்பது எப்படி?

கரும்புக்காடு
வணக்கம். தென்னாப்பிரிக்காவில டர்பன், மாரிட்ஸ்பர்க் பக்கம் இங்கிலீஷ் ஹோம் லாங்குவேஜ் எடுக்கிறவங்க இருந்தா கொஞ்சம் கை கொடுங்க. கிரேடு 11, அடுத்த வருஷம் மேட்ரிக் (கிரேடு 12 பொதுப் பரீட்சை). செட்வொர்க் (பரீட்சைக்கு வச்சிருக்கிற நூல்கள்) ஷேக்ஸ்பியரோட ஒத்தெல்லோ நாடகமும் யான் மார்ட்டலோட லைஃப் ஆஃப் பை நாவலும்.

பிரச்சினை ரெண்டு. வாதக் கட்டுரை எழுதச் சொன்னா மளிகைச் சீட்டு மாதிரி பாயிண்டை அடுக்கி, கடைசியில ஆச்சரியக்குறி போட்டு முடிச்சிடறாங்க. இலக்கியக் கட்டுரைன்னா கதையை முதல்ல இருந்து சொல்ல ஆரம்பிச்சிடறாங்க. இதுக்கும் அதுக்கும் தனித்தனியா வைத்தியம் பார்க்கணுமா?

வகுப்பில வந்த பத்தி ஒண்ணைத் தமிழ்ல தர்றேன். தலைப்பு: டக் ஷாப்பில் (பள்ளிக்குள் இருக்கும் கடை) ஃபிஸி டிரிங்க் விற்பதைத் தடை செய்ய வேண்டும்.

"முதலாவதாக, குளிர்பானங்களில் சர்க்கரை மிக அதிகம். சர்க்கரை உடலுக்குக் கேடு என்பது எல்லோருக்கும் தெரியும். பல பிள்ளைகள் தினமும் குடிக்கிறார்கள். இது அவர்கள் எதிர்காலத்தையே அழிக்கிறது! ஆகவே உடனே தடை செய்ய வேண்டும்."

இலக்கணப் பிழை ஒண்ணுகூட இல்ல. ஆனா மார்க் போட கை வரல. ஏன்னு பிள்ளைக்கு எப்படிச் சொல்றது?

சிவப்புமை
இரண்டும் ஒரே நோய். சான்றுக்கும் முடிவுக்கும் நடுவே பாலம் இல்லை. வாதக் கட்டுரையில் அது பட்டியலாகத் தெரிகிறது, இலக்கியக் கட்டுரையில் கதை சொல்லலாகத் தெரிகிறது.

முதலில் மார்க் எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குக் காட்டுங்கள். பேப்பர் 3, அதாவது எழுதும் திறனுக்கான தாள், மொத்தம் 100, இரண்டரை மணி நேரம். கட்டுரைக்கு 50. அந்த 50-இல் உள்ளடக்கத்துக்கும் திட்டமிடலுக்கும் 30, மொழி நடைக்கும் பிழை திருத்தத்துக்கும் 15, அமைப்புக்கு 5. பிழையில்லாமல் எழுதிய பிள்ளை 15-க்குத்தான் பாடுபட்டிருக்கிறது. 30 அப்படியே கிடக்கிறது.

இப்போது அந்தப் பத்தி. "மிக அதிகம்" என்றால் எவ்வளவு? "எல்லோருக்கும் தெரியும்" என்பது சான்று உட்கார வேண்டிய நாற்காலியில் துண்டு போட்டு வைப்பது. இவை சின்னக் குறைகள். பெரிய ஓட்டை கடைசி வாக்கியத்தில். சர்க்கரை கேடு என்பதிலிருந்து டக் ஷாப்பில் தடை என்பதற்கு ஒரே தாவு. அதே காரணத்தைச் சொல்லி கேக்கைத் தடை செய்யலாம், ஜாமைத் தடை செய்யலாம். பள்ளியில் ஏன், தடை ஏன், வரி போட்டால் போதாதா? இந்தக் கேள்விகளுக்குப் பத்தி வாயே திறக்கவில்லை.

அதே ஐந்து வாக்கிய அளவில் திருத்திப் பார்க்கலாம்:

"330 மில்லி டப்பா ஒன்றில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. அப்படியானால் முதல் இடைவேளையிலேயே அன்றைய அளவு தாண்டிவிடுகிறது. வீட்டில் கேட்கப் பெற்றோர் இருக்கிறார்கள், வாசலுக்குள் வந்த பிறகு அந்தப் பொறுப்பு பள்ளியுடையது. பொறுப்பு ஏற்றவரே கடையும் போடக் கூடாது."

நான்காவது வாக்கியம்தான் பாலம். அதை எடுத்துவிட்டுப் படித்தால் மறுபடியும் பழைய பத்தி. இந்த எடுத்துப் பார்க்கும் சோதனையைப் பிள்ளைகளே செய்யட்டும். ஒவ்வொரு வாக்கியமாக விரலால் மறைத்துப் படிக்க வேண்டும். எதை மறைத்தாலும் பத்தி குலையவில்லை என்றால் அது பட்டியல்.

புது_வாத்தியார்
நாற்காலியில துண்டு! இதை அப்படியே போர்டுல எழுதப் போறேன் சார்.

சந்தேகம் ரெண்டு. ஆர்க்யுமெண்டேடிவ், டிஸ்கர்சிவ் ரெண்டும் பிள்ளைங்களுக்குக் குழம்புது, எனக்கும் கொஞ்சம்தான் தெளிவு. எதிர்ப்பக்கத்தோட வாதத்தை எங்க வைக்கிறது? முதல் பத்தியிலயா, கடைசியிலயா?

மாரிட்ஸ்பர்க்
ஆர்க்யுமெண்டேடிவ் என்றால் ஒரு பக்கம் நின்று வாதாட வேண்டும். முதல் பத்தியிலேயே எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். டிஸ்கர்சிவ் என்றால் இரண்டு பக்கத்தையும் நியாயமாக எடை போட வேண்டும். கடைசியில் ஒரு பக்கம் சாயலாம், தவறில்லை. பிள்ளைகள் செய்யும் பிழை, ஆர்க்யுமெண்டேடிவ் என்று தொடங்கி மூன்றாம் பத்தியில் "இருப்பினும் இதில் நன்மைகளும் உண்டு" என்று நடுவராக மாறிவிடுவது. சாட்பாட்டிடம் கேட்டு எழுதி வரும் கட்டுரைகளிலும் பெரும்பாலும் இதே வழவழாதான். ஒரு விரைவுச் சோதனை: முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் படியுங்கள். இரண்டிலும் ஒரே ஆள் பேசுகிறாரா?

எதிர்வாதத்தின் இடத்தைச் சொற்கணக்கோடு பார்த்தால் விளங்கும். மேட்ரிக் கட்டுரை 400 முதல் 450 சொற்கள். அறிமுகம் 60. முதல் காரணம் 90, இரண்டாம் காரணம் 90. அதற்குப் பிறகு எதிர்வாதமும் மறுப்பும் சேர்த்து 70. பிறகு உள்ளதிலேயே வலுவான காரணம் 90, முடிவு 40. மொத்தம் 440. எதிர்வாதத்தைக் கடைசிக் காரணத்துக்கு முன்னால் வைத்தால், படிப்பவர் மனத்தில் கடைசியாகத் தங்குவது நம் பக்கம். முடிவுரைக்கு ஒட்டி வைத்தால் எதிராளி சொன்னதுதான் காதில் நிற்கும்.

நேரம்: கட்டுரைக்கு 80 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 15 திட்டம், 50 எழுத்து, 15 திருத்தம். திட்டத்தை விடைத்தாளிலேயே போட்டு, 'திட்டம்' என்று தலைப்பிட்டு, மேலே குறுக்குக் கோடு இழுத்துவிட வேண்டும். அந்தப் 15 நிமிடத்தில் முதலில் எழுத வேண்டியது நம் பாயிண்டு இல்லை, எதிராளியின் மிக வலுவான ஒரே வாக்கியம். அதை முதலில் எழுதிய பிள்ளைக்குத் தன் பாயிண்டுகளில் எது நொண்டி என்று தானே தெரிந்துவிடும்.

வகுப்பில் பழக, நம் ஊருக்கென்றே செய்தது போல ஒரு தலைப்பு சர்க்கரை வரி. 2018 ஏப்ரல் 1-இல் வந்தது. 100 மில்லிக்கு 4 கிராம் வரை வரி கிடையாது. அதற்கு மேல் கிராமுக்கு 2.1 சென்ட், 2019-இல் 2.21 ஆனது. ஒரு பக்கம் பிள்ளைகளின் உடல்நலம், மறுபக்கம் குவாசூலு-நட்டாலின் கரும்பு விவசாயி, ஆலைத் தொழிலாளி. 1860-இல் நம்மவர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்ததே இந்தக் கரும்புதான் என்பதால் யாரும் சும்மா உட்கார முடியாது. உணர்ச்சி தானாக வரும். நாம் கணக்கைக் கேட்டால் போதும்.

கணக்கில்தான் பிள்ளைகள் சறுக்குவார்கள். 35 கிராமை 2.1-ஆல் பெருக்கி 73.5 சென்ட் என்பார்கள். 330 மில்லியில் முதல் 13.2 கிராமுக்கு வரி இல்லை. மீதி 21.8-க்குத்தான். தொடக்க விகிதத்தில் 46 சென்ட். தவறான எண் ஒன்றை எதிராளி பிடித்துவிட்டால் மற்ற இரண்டு நல்ல காரணமும் அதோடு போய்விடும்.

உம்கேனிக்கரை
சிவப்புமை ஐயா சொன்ன பாலத்துக்கு நம்மிடம் பழைய பெயரே இருக்கிறது. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் தருக்கம் சொல்லிக்கொடுக்கும் இடம். வாதத்துக்கு ஐந்து உறுப்பு: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம்.

இம்மலையில் நெருப்பு இருக்கிறது (பக்கம்). புகை இருப்பதால் (ஏது). அடுக்களையைப் போல (திட்டாந்தம்). இம்மலையும் புகையுடையது (உபநயம்). ஆகவே நெருப்புடையது (நிகமனம்). எதிர்மறை உதாரணமும் அங்கேயே உண்டு: நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை, நீரைப் போல.

நம் பிள்ளைகள் பக்கம் சொல்வார்கள், ஏது சொல்வார்கள், நிகமனத்துக்கு ஓடிவிடுவார்கள். அடுக்களை விட்டுப்போகும், அதைவிட முக்கியமாக உபநயம் விட்டுப்போகும். பொதுவில் உண்மையானது இந்த மலைக்கும் பொருந்துகிறது என்று காட்டுகிற படி அது. 1958-இல் ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர் வாதத்தைப் பிரித்துக் காட்டியபோது சான்றையும் முடிவையும் கட்டுகிற விதிக்குத் தனிப் பெயர் கொடுத்தார். அது உபநயமேதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பேரும் விரல் வைக்கும் ஓட்டை ஒன்று.

இனி கரும்புக்காடு அக்காவின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். இலக்கியத்தைத் தனியாகவும் வாதத்தைத் தனியாகவும் எடுக்க வேண்டாம். மூன்று பொருளை மேசைமேல் வையுங்கள். ஒரு சிலம்பு, ஒரு கைக்குட்டை, ஒரு வாழைப்பழம். கேள்வி ஒன்றே: இந்தப் பொருள் எதை நிரூபிக்கிறது?

சிலம்பு. வழக்குரை காதையைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கொடுக்க ஆர். பார்த்தசாரதியின் 1993 மொழிபெயர்ப்பு இருக்கிறது. கண்ணகி என்றதும் பிள்ளைகளுக்குத் தலைவிரி கோலமும் மதுரைத் தீயும்தான் நினைவு வரும். தீ பிறகு நடப்பது. அவையில் அவள் செய்வதை வரிசையாகப் பாருங்கள். "தேரா மன்னா" என்று குற்றச்சாட்டை ஒரே சொல்லில் வைக்கிறாள்: நீ விசாரிக்கவில்லை. புறாவுக்காகத் தன்னையே தந்த சிபி, கன்றுக்காக மகனைத் தேரின் கீழ் இட்ட சோழன் என்று முன்னுதாரணம் இரண்டு. பிறகுதான் ஊர், குலம், கணவன், வந்த காரணம், கடைசியாகத் தன் பெயர். பாண்டியன் மறுப்பு சொல்கிறான்: கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று. அது பொது விதி. கோவலன் கள்வன்தான் என்ற உபநயம் எங்கே? அவள் அங்கேதான் அடிக்கிறாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசன் நல்ல பேச்சு என்று ஒப்புக்கொண்டு, எங்களுடையது முத்து என்கிறான். அதற்குப் பிறகுதான் சிலம்பு வருகிறது, உடைகிறது.

வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி: அவள் முதலில் உடைத்திருந்தால்? மாணிக்கம் தெறித்த பிறகு "எங்களுடையதும் மாணிக்கம்தான்" என்று ஒரு வார்த்தையில் வழக்கை மூடியிருக்கலாம். எது நிரூபணம் ஆகும் என்பதை எதிராளியின் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்துவிட்டுச் சோதித்ததால்தான் அது தீர்ப்பு.

கைக்குட்டை. ஒத்தெல்லோ தன் மனைவி டெஸ்டிமோனாவுக்குக் கொடுத்தது, ஸ்ட்ராபெர்ரிப் பூவேலை செய்தது, கீழே விழுந்ததை எமிலியா எடுத்தாள், தன் கணவன் இயாகோவிடம் கொடுத்தாள், டெஸ்டிமோனாவுக்குக் காஸியோவோடு தொடர்பு என்று ஒத்தெல்லோவை நம்பவைக்க அவன் அதைக் காஸியோவின் அறையில் போட்டான். ஒத்தெல்லோ மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியில் கண்ணால் காணும் சான்று கேட்கிறான். கேட்டது சரியான கேள்விதான். ஆனால் எது சான்றாகும் என்பதை இயாகோ முடிவு செய்ய விட்டுவிட்டான். காஸியோ கையில் கைக்குட்டை இருப்பது, டெஸ்டிமோனா கொடுத்தாள் என்பதற்கும் பொருந்தும், விழுந்ததை எடுத்தான் என்பதற்கும் பொருந்தும், யாரோ வைத்தார்கள் என்பதற்கும் பொருந்தும். இரண்டு பக்கமும் போகிற இத்தகைய ஏதுவுக்கு மணிமேகலை வைத்திருக்கும் பெயர் அநைகாந்திகம். ஏதுப்போலி மூன்றில் ஒன்று. மற்றவை அசித்தம், விருத்தம்.

சிலம்பிலும் இந்த இயாகோ உண்டு. பொற்கொல்லன். கோவலனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லை என்று தயங்கிய காவலர்களிடம், கள்வர் கைக்கொள்ளும் வழி எட்டு என்று மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் எனத் தொடங்கி அடுக்குகிறான். எல்லாம் கள்வரைப் பற்றிய பொதுப் பேச்சு. இந்த மனிதனைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனாலும் கோவலன் தலை போனது. பட்டியல் கட்டுரைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது!

வாழைப்பழம். அதைக் கரும்புக்காடு அக்காவே சொல்லட்டும், அவங்க செட்வொர்க்.

கரும்புக்காடு
சொல்றேன். கப்பல் மூழ்கி 227 நாள் கழிச்சுக் கரை சேர்ந்த பை-ங்கிற பையனை ஜப்பான் அதிகாரிங்க ரெண்டு பேர் விசாரிக்கிறாங்க. வாழைப்பழக் குவியல் மேல மிதந்து ஒராங்குட்டான் வந்ததுன்னு பை சொல்றான். வாழைப்பழம் மிதக்காதுன்னு ஒகமோட்டோ சொல்றார். சிங்க்ல தண்ணி புடிச்சு போட்டுப் பாருங்கன்னு பை சொல்றான். மிதக்குது.

வகுப்பே கைதட்டும். பை ஜெயிச்சுட்டான்னு நினைச்சுக்குவாங்க. இப்பதான் எனக்கு உறைக்குது, அந்தச் சோதனை நிரூபிச்சது வாழைப்பழம் மிதக்கும்கிறதை மட்டும்தான். குரங்கு அது மேல வந்துச்சுன்னு நிரூபிக்கல. சோதனை சரி, சான்று உண்மை, ஆனா முடிவு அதைவிடப் பெரிசு.

உம்கேனிக்கரை
அதேதான் அக்கா. சிலம்பு கேள்வியை முடித்து வைக்கிறது. கைக்குட்டை எல்லாக் கதைக்கும் பொருந்துகிறது. வாழைப்பழம் உண்மையைச் சொல்கிறது, ஆனால் கேட்டதைவிடச் சின்ன உண்மையை. பிள்ளைகள் தங்கள் கட்டுரைச் சான்றின் ஓரத்தில் சி, கை, வா என்று பென்சிலில் குறிக்கட்டும். டக் ஷாப்பின் 35 கிராம் எந்த வகை? வாழைப்பழம். சர்க்கரை இருப்பதைக் காட்டுகிறது, தடை வேண்டும் என்பதைக் காட்டவில்லை. அதனால்தான் பொறுப்பு பற்றிய வாக்கியம் தேவைப்பட்டது.

பை கடைசியில் செய்வது இன்னும் நுட்பம். இரண்டு கதை சொல்லி, இரண்டில் எதையும் உங்களால் நிரூபிக்க முடியாது என்று காட்டிவிட்டு, எது நல்ல கதை என்று கேட்கிறான். அளவுகோலையே மாற்றிவிட்டான். அவன் நேர்மையாகச் செய்தானா, தந்திரமா? இதை வைத்து 450 சொல் கேட்டுப் பாருங்கள், கதை சொல்லவே இடம் இருக்காது.

சிவப்புமை
மூன்று பொருள் நல்ல யோசனை. இரண்டு எச்சரிக்கை.

பரீட்சைத் தாளில் ஒத்தெல்லோ கட்டுரைக்குள் கண்ணகியை அழைத்து வரக் கூடாது. கேள்வி கேட்ட பிரதியைப் பற்றித்தான் மார்க். ஒப்பீடு சிந்திக்கப் பழகுவதற்கு, எழுதுவதற்கு அல்ல. அநைகாந்திகம் முதலான பெயர்களும் ஆசிரியர் பையிலேயே இருக்கட்டும். பிள்ளைக்கு 'கைக்குட்டை' போதும்.

இன்னொன்று: இந்த வகுப்புகளில் பேச்சு சுவையாகப் போய் எழுத்து நின்றுவிடும். முப்பது நிமிடம் பேசினால் பதினைந்து நிமிடம் எழுத வேண்டும், அன்றைக்கே, நோட்டில்.

புது_வாத்தியார்
அப்ப பீல் பத்தி என்ன ஆச்சு? பாயிண்ட், எவிடென்ஸ், எக்ஸ்ப்ளனேஷன், லிங்க்னு எல்லா ஸ்கூல்லயும் அதைத்தானே ஓட்டறோம்?

மாரிட்ஸ்பர்க்
ஓட்டலாம். அதன் குறை, எக்ஸ்ப்ளனேஷன் என்ற சொல்லைப் பிள்ளைகள் 'மேற்கோளை வேறு சொல்லில் திரும்பச் சொல்' என்று புரிந்துகொள்வது. 'இந்தச் சான்று என் வாக்கியத்தை ஏன் நிரூபிக்கிறது' என்று அந்த எழுத்துக்கு எதிரே எழுதிவையுங்கள். பாதி சரியாகிவிடும். இன்னொரு குறை, பீலில் எதிர்வாதத்துக்கு இடமே இல்லை. அதை நாம்தான் சேர்க்க வேண்டும்.

இலக்கியக் கட்டுரையில் கதை சொல்லலைக் கண்டுபிடிக்க இரண்டு வண்ணப் பென்சில் போதும். கதாபாத்திரம் என்ன செய்தது என்று சொல்லும் வினைச்சொற்களுக்கு (வந்தான், கொடுத்தாள், கொன்றான்) சிவப்பு. நாடகாசிரியரோ காட்சியோ சொல்லோ என்ன செய்கிறது என்று சொல்லும் வினைகளுக்கு (காட்டுகிறது, மறைக்கிறது, குத்திக்காட்டுகிறது) நீலம். ஒரு பத்தியில் மூன்று சிவப்புக்கு ஒரு நீலமாவது வராவிட்டால் அது கதைச் சுருக்கம். நாவலுக்கோ நாடகத்துக்கோ கட்டுரைக்கு 25 மார்க், அதில் உள்ளடக்கம் 15, அமைப்பும் மொழியும் 10. கதைச் சுருக்கம் அந்த 15-இன் அடிமட்டத்தைத் தாண்டாது.

மேற்கோள் மூன்று முதல் ஆறு சொல்லுக்குள், சொந்த வாக்கியத்துக்குள் பொதிந்து வர வேண்டும். நான்கு வரியை அப்படியே எடுத்துப் போட்டு "இது பொறாமையைக் காட்டுகிறது" என்றால், அந்த நான்கு வரியில் எந்தச் சொல் காட்டுகிறது என்று மார்க் போடுகிறவர் தேட வேண்டியிருக்கும். தேட மாட்டார்.

செட்வொர்க்குக்கு வெளியே ஒரு பயிற்சி. சினுவா அச்சிபியின் 1958 நாவல் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' முடிவில், நாயகன் ஒகொங்க்வோவின் கதையைத் தன் புத்தகத்தில் ஒரு பத்தியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று மாவட்ட ஆணையர் நினைக்கிறார். அந்தப் பத்தி நாவலில் இல்லை. பிள்ளைகள் ஆணையரின் குரலில் 120 சொல்லில் அதை எழுதட்டும். பொய் ஒன்றுகூட எழுதக் கூடாது, நாவலில் நடந்தது மட்டும். பிறகு பக்கத்துப் பிள்ளையின் தாளை வாங்கி, எந்த உண்மையை விட்டதால் இந்தப் பத்தி பொய்யாகிறது என்று 120 சொல்லில் மறுக்கட்டும். ஒருவர் பேச்சை நம்ப வைப்பதில் சொல்லாமல் விடுவதன் பங்கு எவ்வளவு என்பது இதில் தெரிவது போல எந்த விளக்கத்திலும் தெரியாது. நாவல் முழுவதும் படிக்காத வகுப்பில் இது எடுபடாது. ஆணையர் எதை விட்டார் என்று தெரிய முழுக்கதையும் தெரிய வேண்டும்.

புது_வாத்தியார்
எல்லாம் சரி சார். 40 பிள்ளைங்க. ஒரு கட்டுரைக்கு 8 நிமிஷம்னா 5 மணி 20 நிமிஷம். யார் திருத்தறது?

சிவப்புமை
முழுக் கட்டுரையையும் ஏன் வாங்குகிறீர்கள்? தவணைக்கு ஒன்றிரண்டு போதும். மற்ற வாரங்களில் ஒரே பத்தி, 90 சொல். மூன்று குறி மட்டும்: வாதத்துக்கு அடிக்கோடு, பாலத்துக்கு வட்டம், 'எல்லோரும்', 'எப்போதும்', 'உலகமே' ஆகியவற்றுக்குப் பெட்டி. வட்டம் போட வாக்கியம் கிடைக்காவிட்டால் இடத்தைக் காலியாக விட்டு, வெறும் வட்டம் வரையுங்கள். பிள்ளைக்கு என்ன இல்லை என்று புரியும். ஒரு தாளுக்கு 2 நிமிடம், 40-க்கு 80. இலக்கணத்தை அந்த வாரம் தொடவே கூடாது. தொட்டால் பிள்ளை காற்புள்ளியைத் திருத்திவிட்டு வாதத்தை அப்படியே திருப்பித் தரும்.

கரும்புக்காடு
ட்ரான்ஸாக்ஷனல்ல (கடிதம், பேச்சு மாதிரி சின்னதா எழுதற பகுதி) பேச்சு வந்தா? 180-200 சொல்லுக்குள்ள இவ்வளவும் எப்படி அடங்கும்?

மாரிட்ஸ்பர்க்
அடங்காது, அடக்கவும் வேண்டாம். ஒரு கோரிக்கை, ஒரு காரணம், ஒரு மறுப்பு. யாரிடம் பேசுகிறோம் என்பதுதான் அங்கே முக்கியம். "அன்பான மாணவர்களே" என்று தொடங்கி டக் ஷாப்பை மூடச் சொன்னால், மூடும் அதிகாரம் அந்த மாணவர்களிடம் இல்லை. பள்ளி ஆளுகைக் குழுவிடம் (எஸ்ஜிபி) பேசுங்கள். எஸ்ஜிபி-யில் பெற்றோர், ஆசிரியர் தவிர, உயர்நிலைப் பள்ளியென்றால் மாணவர் பிரதிநிதிகளும் உண்டு. கேட்பவர் மாறினால் காரணமும் மாறும். பெற்றோருக்கு உடல்நலம், பொருளாளருக்கு டக் ஷாப் வாடகை நின்றால் அதற்கு ஈடு.

மறுப்புக்கு முன்னால் ஒப்புக்கொள்வது எப்படி என்பதற்கு 1964 ஏப்ரல் 20, பிரிட்டோரியா நீதிமன்றத்தில் மண்டேலா பேசியது. மூன்று மணி நேரம் அளவு நீண்ட பேச்சு, முடிவு வரிதான் எல்லோருக்கும் மனப்பாடம். வகுப்புக்கு வேண்டியது தொடக்கம். தன்மேல் சொல்லப்பட்டவற்றில் சில உண்மை, சில பொய் என்று பிரிக்கிறார். நாசவேலைக்குத் திட்டமிட்டதை மறுக்கவில்லை என்கிறார். குற்றத்தில் ஒரு பகுதியைத் தானே முன்வந்து ஏற்றவர், மீதியை மறுக்கும்போது அந்த மறுப்புக்கு எடை கூடுகிறது. பிள்ளைகளுக்கு: "டக் ஷாப் வருமானம் பள்ளிக்கு உதவுகிறது, உண்மைதான்" என்று ஒரு வாக்கியம். 12 சொல்லைத் தாண்ட வேண்டாம், இல்லாவிட்டால் எதிராளிக்கு வக்கீலாகிவிடுவோம்.

உம்கேனிக்கரை
குறளில் இதற்கு ஒரு சோதனையே இருக்கிறது, சொல்வன்மை அதிகாரத்தில்: "சொல்லுக சொல்லைப் பிறிதோர்சொல் அச்சொல்லை வெல்லுஞ்சொல் இன்மை அறிந்து." பேசும் முன் அதை வெல்லும் சொல் இல்லை என்று பார்த்துக்கொள் என்கிறார். எழுதிய பத்தியைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்து, இதை ஒரே வாக்கியத்தில் தோற்கடி என்று சொல்லுங்கள். மூன்று நிமிடம். தோற்கடித்துவிட்டால் அந்த வாக்கியமே எதிர்வாதப் பத்தியின் முதல் வரி. தேடிப் போக வேண்டியதில்லை.

கரும்புக்காடு
நன்றி எல்லாருக்கும். அதே பிள்ளை, அதே தலைப்பு, எதிர்வாதப் பத்தி மட்டும் திரும்ப எழுதினது. தோற்கடிச்ச வாக்கியம் பக்கத்துப் பையனோடது.

"பள்ளியில் தடுத்தால் வாசலுக்கு எதிரே உள்ள டீ ரூமில் வாங்கிக்கொள்வார்கள் என்று சொல்லலாம். உண்மைதான், வாங்குவார்கள். ஆனால் இடைவேளையில் வாசல் பூட்டியிருக்கும். டீ ரூமுக்குப் போவது பள்ளி முடிந்த பிறகே முடியும். அப்போது பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது, கேட்க வீட்டில் ஆள் இருக்கிறது. டக் ஷாப்பில் வாங்கும்போது கேட்க எல்லோரும் இருந்தும் யாரும் இல்லை. நாம் தடுக்க நினைப்பது சர்க்கரையை மட்டும் அல்ல, பள்ளியே அதை விற்பதை."

எப்படி?

சிவப்புமை
பாலம் இருக்கிறது, கடைசி வாக்கியம். ஒப்புக்கொண்ட வாக்கியம் இரண்டே சொல், நன்று.

ஐந்தாவது வாக்கியம் வாழைப்பழம். பள்ளி முடிந்து போகும்போது வீட்டில் ஆள் இருப்பார்கள் என்று யார் சொன்னது? இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுதான் இங்கே பெரும்பாலும். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள், பத்தி இன்னும் நிற்கிறது. அடுத்த வாக்கியத்தில் ஒரு பெட்டி: 'எல்லோரும்'.